வயற்சேறு பட்ட காயம்: கழுவும் முறையும் தொற்றுநீக்கி இடும் அளவும்

பெரும்போக விதைப்புக்கு வரம்பு கட்டத் தொடங்கும் நாள் முதல் வேளாண்மை வெட்டு முடியும் நாள் வரை, மட்டக்களப்பின் படுவான்கரை வயல்வெளிகளிலும் அம்பாறையின் கல்லோயாப் பாசன வயல்களிலும் காலில் காயம் படாத விவசாயி அரிது. மண்வெட்டி நழுவிக் கால்விரலை வெட்டுகிறது. சேற்றுக்குள் கிடக்கும் நத்தை ஓடும் போத்தல் துண்டும் உள்ளங்காலைக் கீறுகின்றன. லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லு கணுக்காலை உரசிவிடுகிறது. இத்தகைய காயம் பட்டவுடன் பெரும்பாலானோர் வாடிக்குள் தேடுவது மருந்துப் போத்தலைத்தான். ஆனால் முதலில் வேண்டியது ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீர். தொற்றுநீக்கி அதற்கு அடுத்த இடத்தில் வருவது. சில காயங்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை. இந்த வரிசை ஏன் மாறக்கூடாது என்பது, காயத்துக்குள் போகும் சேறு எத்தகையது என்பதை அறிந்தால் விளங்கும்.

சேற்றுக்குள் இருப்பவை

நீர் கட்டிய வயலில், மேலே சில மில்லிமீற்றர் தடிப்புள்ள படையில் மட்டுமே ஒட்சிசன் இருக்கும். அதற்குக் கீழே, காலால் கிளறினால் நாற்றம் எழும்பும் சாம்பல் நிறச் சேற்றில் ஒட்சிசன் அநேகமாக இல்லை. எறிந்த யூரியா ஓரிரு நாளில் அமோனியமாக மாற, மேற்படையில் வாழும் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் ஆக்குகின்றன. நைத்திரோசோமோனாஸ், நைத்திரோபக்டர் என்பவை இவற்றுள் பாடநூல்களில் அதிகம் பேசப்படுபவை. அவை மனிதரில் நோயை உண்டாக்குபவை அல்ல. அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும், உணவு அமோனியம். காயத்துக்கு ஆபத்தானவை அதே மண்ணில் வித்திகளாகக் கிடக்கும் வேறு இனங்கள். ஏற்புவலியை (டெட்டனஸ்) உண்டாக்கும் குளொஸ்திரிடியம் டெட்டனி அவற்றுள் முதன்மையானது. மாட்டெரு இட்ட மண்ணில் அதன் வித்திகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஒட்சிசன் எட்டாத இடம் கிடைத்தால்தான் முளைக்கும். ஆணி குத்திய ஆழமான, வாய் ஒடுங்கிய காயம் அதற்கு அத்தகைய இடத்தைக் கொடுத்துவிடுகிறது. அகலமாகத் திறந்து கிடக்கும் வெட்டுக்காயத்தைவிட, இரத்தமே அதிகம் வராத குத்துக்காயத்துக்கு ஏன் அதிகம் அஞ்ச வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு மேல் களிமண்ணின் இயல்பு ஒன்றுண்டு. களித்துணிக்கைகளின் மேற்பரப்பு மறை ஏற்றம் கொண்டது. ஆகையால் நேர் ஏற்றமுள்ள அமோனியத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, மறை ஏற்றமுள்ள நைத்திரேற்றையோ பிடிக்காமல் நீரோடு போகவிடுகிறது. இட்ட யூரியா வயலில் தங்குவதும் தங்காததும் இதைப் பொறுத்தது என்பதை விவசாயத் திணைக்களப் போதனாசிரியர்கள் சொல்லக் கேட்டவர்கள் பலர். இதே இயல்பு காயத்திலும் தொழிற்படுகிறது. குளோரெக்சிடின், செற்றிமைட்டு ஆகிய தொற்றுநீக்கிகள் நேர் ஏற்றமுள்ளவை. களி எஞ்சியிருக்கும் காயத்தில் அவற்றை ஊற்றினால் களி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள, கிருமிக்குப் போய்ச் சேர்வது குறைந்துவிடும். அயடீனோ சேற்றிலுள்ள உக்கல், இரத்தம், சீழ் ஆகியவற்றோடு தாக்கமுற்றுச் செலவாகிவிடும். மேலும், காயத்தில் தங்கும் நுண்ணிய களி, கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெண்குருதிக் கலங்களின் வேலையையும் தடுக்கிறது. சேறு இருக்கும் வரை மருந்து பெருமளவு வீண் என்று கொள்ளலாம்.

தொற்றுநீக்கி நல்லது கெட்டது பார்ப்பதில்லை என்பதையும் மண்ணே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1877 இல் பிரான்சின் விஞ்ஞானிகளான ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் கழிவுநீரை மெதுவாக ஊற்றிவந்தார்கள்; சில வாரங்களில் அமோனியா மறைந்து நைத்திரேற்று வெளிவரத் தொடங்கியது. பின்னர் அக்குழாய்க்குள் குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் நைத்திரேற்று வருவது நின்றுபோனது. குளோரபோமை நிறுத்திய பின்னும் அது தானாக மீளவில்லை. புதிய மண் கழுவிய நீரைச் சேர்த்த பிறகே மீண்டது. நைத்திரேற்றாக்கம் உயிர்களின் வேலை என்பது அப்போதுதான் நிறுவப்பட்டது. அந்தப் பயனுள்ள பற்றீரியாவைக் குளோரபோம் விட்டுவைக்காததுபோலவே, காயத்தை மூட வளர்ந்துவரும் நம் சொந்தக் கலங்களைக் கடும் தொற்றுநீக்கிகளும் விட்டுவைப்பதில்லை.

கழுவுதல்

இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் சுத்தமான துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலை உயர்த்தி வைப்பது நல்லது. பத்துப் பதினைந்து நிமிட அழுத்தத்துக்கும் நிற்காத இரத்தம், அல்லது விட்டு விட்டுப் பீறிடும் இரத்தம் வைத்தியசாலைக்கு உரியது. அழுத்திய கையை எடுக்காமலே கொண்டுபோக வேண்டும்.

கழுவுகிறவர் முதலில் தம் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவார். பின் காயத்தைச் சுற்றியுள்ள தோலிலிருந்து சேற்றைச் சவர்க்காரத்தால் போக்குவார். சவர்க்காரம் காயத்துக்கு உள்ளே வேண்டியதில்லை. உள்ளே ஊற்ற வேண்டியது குடிக்கக் கூடிய நீர். குழாய் நீர் கிடைத்தால் அதுவே போதும். குடிநீர்த் தரமான குழாய் நீரால் கழுவிய காயங்களில் சேலைனால் (கிருமி நீக்கிய உப்புநீரால்) கழுவியவற்றைவிடத் தொற்று அதிகமாக ஏற்படவில்லை என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரியவந்த செய்தி. கிணற்று நீரானால் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். லீற்றருக்கு ஒன்பது கிராம், அதாவது மட்டமாகத் தட்டிய தேக்கரண்டியால் ஒன்றரை, உப்புச் சேர்த்தால் எரிவு குறையும். வயலில் நிற்கும்போது இவை எதுவும் இல்லையென்றால், குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணீரைத் தாராளமாகச் செலவழிக்கலாம். வாய்க்கால் நீரிலும் குளத்து நீரிலும் காயத்தைக் கழுவக் கூடாது. எலிக்காய்ச்சலைப் பரப்பும் எலிகளின் சிறுநீர் கலக்கும் நீர் அது.

(கிணற்று நீர் பற்றி ஒன்று. கடலோர மணற்பாங்கான நிலத்தில் நைத்திரேற்று எளிதாகக் கிணற்றுக்கு இறங்கும். கொதிக்கவைப்பதால் அது நீங்காது. காயம் கழுவுவதற்கு அதனால் கெடுதி இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும் நீரில்தான் அது கவனிக்க வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது.)

நீரை வெறுமனே காயத்தின் மேல் ஊற்றினால் மேலுள்ள சேறு போகும். மடிப்புகளுக்குள் இருப்பது போகாது. ஆகவே ஓரளவு விசை வேண்டும். பாமசியில் வாங்கிய 20 மில்லிலீற்றர் சிறிஞ்சை, ஊசி இல்லாமல், காயத்திலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து அழுத்தலாம். அது இல்லாத இடத்தில், தண்ணீர்ப் போத்தலின் மூடியில் சுத்தமான ஊசியால் துளையிட்டுப் போத்தலை நசுக்கினாலும் போதிய வேகத்தில் பாயும். குதிக்காலில் விழுந்த ஒரு வெட்டை இவ்வாறு கழுவும்போது கூர்ந்து பார்த்தால், முதல் இரண்டு சிறிஞ்சு நீர் பழுப்பாகவும் இரத்தம் கலந்தும் வழியும். பின்பு நீர் தெளிந்துவிட்டதுபோலத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. காயத்தின் ஒரு விளிம்பை விரலால் மெல்ல விலக்கி அந்த மடிப்புக்குள் பாய்ச்சினால், தலைமயிர் அளவான கறுப்புக் கோடாக ஒட்டியிருந்த களி உதிர்ந்து மறுபடி நீரைக் கலக்கும். ஒரு சென்ரிமீற்றர் நீளக் காயத்துக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் என்பது வைத்தியசாலைகளில் கொள்ளும் கணக்கு; விரல் நீளக் காயத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணை நனைத்த கோஸ் துணியால் மெதுவாகத் துடைத்தெடுக்கலாம். கத்தி நுனியாலோ முள்வாங்கியாலோ ஆழத்தில் தோண்ட வேண்டாம்.

அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் காண்பதற்கு முன்னரே, முதலாம் உலகப் போரின் காயங்களைப் பார்த்தவர். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி அதிலிருந்து முட்கள்போல நீட்டல்களை இழுத்து ஒரு செயற்கைக் காயம் செய்து, அதைக் கிருமி கலந்த சீரத்தால் (இரத்தத்தின் தெளிநீரால்) நிரப்பி, வெறுமையாக்கி, தொற்றுநீக்கி ஊற்றி வைத்துப் பார்த்தார். பரந்த பகுதியில் கிருமி செத்தாலும் முட்களின் மூலைகளில் தங்கியவை பின்னர் மீண்டும் பெருகின. 1919 இல் அவர் ஆற்றிய உரை, ஆழமான காயத்தில் அக்காலத் தொற்றுநீக்கிகள் கிருமியைவிட வெண்குருதிக் கலங்களுக்கே அதிகம் கேடு செய்தன என்பதையும் எடுத்துரைத்தது. மடிப்புகளைக் கழுவ வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

எந்தத் தொற்றுநீக்கி, எந்த அளவில்

மேலோட்டமான, நன்கு கழுவிய சிராய்ப்புக்கு எதுவும் இட வேண்டியதில்லை. சேறு புகுந்த வெட்டுக்கு, கழுவிய பிறகு ஒருமுறை, பொவிடோன் அயடீன் இடுவதே என் தெரிவு. பெட்டடீன் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பது இதுதான். வாங்கும்போது லேபலை வாசிக்க வேண்டும்: 10 சதவீதக் கரைசல் வேறு, 7.5 சதவீதக் கழுவி வேறு. பின்னது சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவுவதற்கானது. அதில் சவர்க்காரப் பொருள் கலந்திருப்பதால் திறந்த காயத்துக்கு ஆகாது. 10 சதவீதக் கரைசலைக் காயத்தைச் சுற்றியுள்ள தோலில் அப்படியே தடவலாம். காயத்துக்குள் ஊற்றுவதற்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு, கொதித்தாறிய நீர் சேர்த்து, பால் விடாத தேநீரின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீர்த்தால் வீரியம் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள், உண்மை வேறு. பொவிடோன் என்ற பெருமூலக்கூறு அயடீனைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. ஓரளவு நீர்க்கும்போது அந்தப் பிடி தளர்ந்து, கிருமியைக் கொல்லும் சுயாதீன அயடீன் அதிகரிக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் காயத்தில் நிற்கவிட்டுப் பின் சுத்தமான நீரால் அலசிவிட வேண்டும். அந்நேரத்துக்குள் பழுப்பு நிறம் வெளிறிவிட்டால் அயடீன் செலவாகிவிட்டது என்று பொருள். உள்ளே இன்னும் இரத்தக் கட்டியோ மண்ணோ இருக்கிறது. மருந்தைக் கூட்டாமல் மறுபடி கழுவ வேண்டும். நீர்த்த கரைசலை அன்றைக்கு அன்று தயாரித்து, மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும்.

தைரொயிட் வருத்தமுள்ளவர்கள், லிதியம் குளிசை எடுப்பவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேளாமல் பெரிய பரப்பில் இடக் கூடாது. இறால், நண்டு சாப்பிட்டால் தோல் தடிக்கிறவர்களுக்கு அயடீன் ஆகாது என்று நம் கரையோர ஊர்களில் சொல்லப்படுவது சரியல்ல. அவர்களுக்கு ஒவ்வாதது இறாலின் புரதம், அயடீன் அல்ல.

குளோரெக்சிடின் காயத்துக்கு 0.05 சதவீதத்தில் போதும். 5 சதவீதச் செறிகரைசலை வாங்கினால் ஒரு பங்குக்கு 99 பங்கு நீர் சேர்க்க வேண்டும். இந்த அளவைக் கண்மதிப்பால் செய்ய முடியாது, ஆகவே நீர்த்த நிலையில் விற்கப்படுவதை வாங்குவது மேல். சவர்க்காரம் எஞ்சியிருந்தால் இது செயலிழக்கும். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது.

டெட்டோல் அநேகமான வீடுகளில் இருப்பது. அதன் செயற்பொருள் 4.8 சதவீதக் குளோரோசைலெனோல். அதை நீர்க்காமல் காயத்தில் ஊற்றுவது தோலை எரிக்கும். நீரில் விட்டவுடன் பாலாக வெளுக்கும் அளவிற்கு, லேபலில் குறித்தபடி நீர்த்த பிறகே சுற்றுத்தோலைத் துடைக்கப் பயன்படுத்தலாம். தரை கழுவும் திரவங்கள் எவையும் உடம்பில் படக் கூடாதவை.

ஸ்பிரிற்று வெட்டுப்படாத தோலுக்கும் ஊசி போடும் இடத்துக்கும் உரியது. காயத்துக்குள் விட்டால் கடும் வலியும் இழைய அழிவும் மட்டுமே மிஞ்சும். ஐதரசன் பரவொட்சைட்டு நுரைப்பதைக் கண்டு கிருமி சாகிறது என்று மகிழ்வார்கள். அந்நுரை நம் இரத்தத்திலும் இழையத்திலும் உள்ள கற்றலேசு நொதியம் அதை உடைப்பதால் எழும் ஒட்சிசனே. அது மருந்து வேலை செய்வதற்குச் சான்றல்ல. ஆழமான, மூடிய குழிக்குள் அதைச் செலுத்தினால் வாயுக் குமிழி குருதிக் கலனுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஜென்ஷன் வயலட்டின் ஊதா நிறம் தோலின் சிவப்பை மறைத்துவிடும். தொற்றுப் பரவுவதைக் கண்டுபிடிக்க அச்சிவப்பு தெரிந்தாக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள், சாம்பல், மண்ணெண்ணெய், சாணம் எவையும் வேண்டாம். சாணத்திலும் மண்ணிலும் ஏற்புவலியின் வித்தியே இருக்கிறது. அன்ரிபயற்றிக் கப்சூலை உடைத்துத் தூவும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. அந்தத் தூள் காயத்தில் கட்டிபட்டு நிற்கும், ஒவ்வாமை வரக்கூடும், மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமியை வளர்த்துவிடவும் கூடும்.

மூடுதலும் பின்வரும் நாட்களும்

காயத்தின் மேல் ஒட்டாத கோஸ் வைத்து, அதன் மேல் பஞ்சுப் படை வைத்து, இறுக்காமல் பண்டேஜ் சுற்ற வேண்டும். நனைந்தாலோ சேறு பட்டாலோ உடனே மாற்ற வேண்டும். மற்றப்படி நாளுக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு முறையும் மருந்து ஊற்ற வேண்டாம்; சேலைனால் கழுவினால் போதும், ஏனெனில் மூன்றாம் நாளுக்குப் பிறகு வளரும் இளஞ்சிவப்பு இழையத்தை அயடீனும் பின்னிழுக்கும். சேறு ஆழமாகப் புகுந்த வெட்டை வைத்தியர் உடனே தைக்காமல் மூன்று முதல் ஐந்து நாள் திறந்துவிட்டுப் பின் தைப்பதுண்டு. அதை அலட்சியம் என்று எண்ணி வேறிடம் தேடிப்போய்த் தைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே கிருமியை அடைத்து மூடாமல் இருப்பதற்காகவே அவ்வாறு செய்கிறார்கள்.

சிவப்பு விரிந்துகொண்டு போதல், சூடு, சீழ், நாற்றம், காயத்திலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு, காய்ச்சல், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வீட்டில் வைத்திருக்கக் கூடாதவை

குத்துக்காயம், எலும்போ நரம்போ தெரியும் காயம், மூட்டின் மேல் விழுந்த வெட்டு, விரல் மரத்துப்போன காயம் ஆகியவற்றைக் கழுவி மூடியபின் வைத்தியசாலைக்கே கொண்டுபோக வேண்டும். சீனி வருத்தமுள்ளவரின் காலில் பட்ட எந்தக் காயமும், வலி இல்லாவிட்டாலும், இதில் அடங்கும்; வலி இல்லாதிருப்பது அவர்களுக்கு நல்ல அறிகுறியல்ல. மெலியோயிடோசிஸ் என்ற, மண்ணிலும் நீரிலும் வாழும் பற்றீரியாவால் வரும் நோய் இலங்கையில் பதிவாகியிருக்கிறது. மழைக்காலத்தில் வயலில் நிற்கும் சீனி நோயாளர்களையே அது அதிகம் பிடிக்கிறது. காயம் பட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவி, பொவிடோன் அயடீன் இட்டு, உடனே வைத்தியசாலை. பாம்புக் கடிக்குக் கழுவுவதும் இல்லை, கீறுவதும் இல்லை, மருந்திடுவதும் இல்லை; கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோவது மட்டுமே. வாவியில் கெளிற்று முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தாங்கக் கூடிய சூட்டில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முள் உள்ளே முறிந்திருக்கக் கூடியதால் அதன் பின்னரும் காட்ட வேண்டும்.

எந்தத் தொற்றுநீக்கியும் ஏற்பு ஊசிக்கு ஈடாகாது. சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுமையாக ஏற்றியவருக்கும், சேறு பட்ட காயமானால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் மறு ஊசி வேண்டும். அட்டை தொலைந்து எப்போது போட்டது என்று தெரியாதவர் போடாதவராகவே கொள்ளப்படுவார். எலிக்காய்ச்சலுக்கு எதிராக, ஆபத்துள்ள இடங்களில் விவசாயிகளுக்கு வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் வழங்கப்படுகிறது. அது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டே எடுக்க வேண்டும். கெண்டைக்கால் தசைவலியோடு காய்ச்சல், கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் கண்டால் குளிசை எடுத்தவரும் தாமதிக்கக் கூடாது.

வாடியில் வைக்கும் பெட்டிக்குள் மூடி உடைக்காத இரண்டு போத்தல் குடிநீர், 20 மில்லிலீற்றர் சிறிஞ்சு, கோஸ், பண்டேஜ், சிறிய பொவிடோன் அயடீன் போத்தல் ஒன்று, சவர்க்காரத் துண்டு ஆகியவை போதும். போத்தலைத் திறந்த நாளை லேபலில் எழுதி, தகரக் கூரையின் சூடு படாத மூலையில் வைக்க வேண்டும். காயம் முழுவதும் தோல் மூடும் வரை அந்தக் காலோடு சேற்றில் இறங்காமல் இருப்பதே முறை. யூரியா எறிதலோ வக்கடை பார்த்தலோ தவிர்க்க முடியாதென்றால், நீர் புகாத சப்பாத்து அணிந்து, கரையேறியவுடன் கட்டை அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.